நாயோடு காரில் போகலாம். தலை மட்டும் உள்ளே இருக்கட்டும்

உச்சிப்புளிக்கு அருகிலிருந்து நீங்கள் எழுதிக் கேட்டிருப்பது இது: இரண்டு வயதான உங்கள் சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காரில் ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் வருகிறது, வண்டி நகர்ந்ததும் பின் ஜன்னலில் முன்கால்களை ஊன்றித் தலையையும் கழுத்தையும் வெளியே நீட்டிக்கொள்கிறது, அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை, உங்கள் கணவருக்கோ அது ஒருநாள் விபத்தில் முடியும் என்ற அச்சம், பத்து வயது மகன் முன் இருக்கையில் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். விடலாமா, விட்டால் எதுவரை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் பதில். கால்நடை மருத்துவனாக இந்தக் கரையோரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். நாள் முழுவதும் வேப்பமரத்தடியில் சங்கிலியில் கிடந்து, போகிற வருகிற எல்லாரையும் குரைத்தே ஓய்ந்துபோன நாய்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்துக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட சிப்பிப்பாறை இனத்துக்கு அந்த வாழ்வு பெருந்துன்பம். வாரத்துக்கு ஒரு முறையாவது புதிய மண்ணும் புதிய காற்றும் அதற்குக் கிடைப்பது நல்லதுதான். ஆனால், அந்த மகிழ்ச்சி எதிலிருந்து வருகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால், அதில் எதையும் குறைக்காமலே ஆபத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடலாம்.

நாய்க்கு ஜன்னல் வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமன்று. அதைவிட முகரும் இடம். மணத்தை உணரும் அணுக்கள் மனிதனின் மூக்கில் ஐம்பது, அறுபது லட்சம் இருக்கின்றன என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கு மேல் இருக்கின்றன. மூக்கினுள் நுழையும் காற்று மூச்சுக்கென்று ஒரு வழியாகவும் முகர்வதற்கென்று இன்னொரு வழியாகவும் பிரிந்து செல்லும்படி அதன் உள்ளமைப்பே இருக்கிறது. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் வழியில் தென்னந்தோப்பு, ஆட்டுக்கிடை, காயும் கருவாடு, வலை உலர்த்தும் கரை, பாம்பனைத் தாண்டியதும் இரண்டு பக்கத்துக் கடல் என்று, நமக்கு ஒரே உப்புக்காற்றாகத் தெரிவது அதற்கு நிமிடத்துக்கு நூறு செய்தியாக வந்து சேர்கிறது. இந்தச் செய்தி முழுவதும் மூக்கின் வழியே வருவதால், மூக்கு இருக்கும் இடத்துக்குக் காற்று வந்தால் போதும். கழுத்து வெளியே போக வேண்டிய தேவை இல்லை. பின் ஜன்னல்கள் இரண்டையும் நான்கு விரற்கடை மட்டும் இறக்கி வைத்தால் வண்டிக்குள் குறுக்குக் காற்று ஓடும். நாய் அந்த இடைவெளியில் முகவாயை வைத்துக்கொள்ளும். நான் சொல்லும் அளவு இதுதான்: மூக்கு நுனி வெளியே போகலாம், கண் வெளியே வரக் கூடாது. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கமானது என்பதால், வண்டி நிற்கும்போதே ஒருமுறை அதை ஜன்னலருகே நிறுத்தி, தலை நுழையாத அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தின் சாலைகளில் இரு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்து, பல இடங்களில் தார்ச்சாலையின் விளிம்புவரை கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட நாம் ஒதுங்கும்போது அந்த முட்கிளை ஜன்னலை உரசிச் செல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீட்டிய முகத்தில் அது பட்டால் கருவிழி கிழிந்துவிடும். ஆடி மாதக் கச்சான் காற்றில் தனுஷ்கோடிச் சாலையின் குறுக்கே மணல் ஓடுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியிலிருந்து நீட்டிய கண்ணுக்கு ஒவ்வொரு மணலும் சிறு கல்தான். கருவிழியில் விழுந்த கீறல் இரண்டே நாளில் புண்ணாகி, வெண்படலம் கட்டி, பார்வை போன நாய்களுக்கு நான் மருந்திட்டிருக்கிறேன். உங்கள் நாய் ஊர் திரும்பியபின் ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டோ, முன்காலால் தேய்த்துக்கொண்டோ இருந்தால் வீட்டிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை விட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் புண் ஆழமாகிவிடும். அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் நாயின் இனத்திலேயே இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு விரட்டும் வேட்டை நாய்கள். ஓடுகிற ஆட்டையோ முயலையோ பார்த்த கணத்தில், தான் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை அவை எண்ணிப் பார்ப்பதில்லை. இதை நான் பிறரிடமிருந்து கேட்டறிந்து சொல்லவில்லை. என்னிடம் ஒரு கோம்பை இன நாய் இருந்தது. நான்கு ஆண்டுகள் அது ஜன்னலில் தலை நீட்டித்தான் வந்தது. ஒன்றும் நேரவில்லை என்பதாலேயே நானும் அதை அனுமதித்தேன். தேவிபட்டினம் தாண்டித் திருப்பாலைக்குடிக்கு முன்னால் ஒரு மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்த ஆட்டுக்கூட்டத்துக்காக நான் வேகம் குறைத்தபோது அது குதித்துவிட்டது. வண்டி அப்போது முப்பதுக்கும் குறைவான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் முன்னங்கால் இரண்டு இடங்களில் முறிந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் விழிப்பாக இருந்ததால்தான் உயிர் தப்பியது. கால் கூடியபின்னும் அது கடைசிவரை தாங்கித் தாங்கியே நடந்தது. ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லும் இடத்தில் இருந்துகொண்டு நான் செய்த தவறு அது. நான்கு ஆண்டுகள் ஒன்றும் நேராதது பாதுகாப்புக்குச் சான்றன்று என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஜன்னலைப் பற்றி இன்னும் ஒன்று. பவர் விண்டோ உள்ள வண்டிகளில், கதவின் கைப்பிடியில் ஊன்றிய நாயின் கால் கண்ணாடிப் பொத்தானை மிதித்துவிட, ஏறிவரும் கண்ணாடி அதன் கழுத்தையே நெரித்துவிடுவதுண்டு. ஓட்டுநர் பக்கத்தில் பின் ஜன்னல்களைப் பூட்டும் பொத்தான் இருக்கும். கண்ணாடியை வேண்டிய அளவுக்கு இறக்கியபின் அதை அழுத்திவிடுங்கள். பின் கதவின் குழந்தைப் பூட்டையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் மகன் கேட்கும் முன் இருக்கை. இதற்கு மட்டும் தயக்கமில்லாமல் மறுப்புச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னே பாயும். அது ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 70 கிலோமீட்டர் என்றால் பத்தொன்பது மீட்டர். ஒரு வளர்ந்த பனையின் உச்சியிலிருந்து விழுவதைப் போன்றது. பதினெட்டு, இருபது கிலோ எடையுள்ள நாயை அந்த நேரத்தில் பத்து வயதுப் பிள்ளை மட்டுமல்ல, எந்த மனிதனாலும் கையால் பிடித்து நிறுத்த முடியாது. இதோடு ஏர்பேக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகியிருக்கிறது. வளர்ந்த மனிதர் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பதைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்ட அந்தப் பை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முழுவதும் விரிந்துவிடும். மடியிலிருக்கும் நாயை அது பிள்ளையின் முகத்திலும் நெஞ்சிலும்தான் அறையும். காக்க வந்த கருவியே இருவரையும் காயப்படுத்திவிடும்.

எனவே நாயின் இடம் பின் இருக்கை. அதுவும் கட்டப்பட்ட நிலையில். கட்டுவது என்றால் கழுத்துப் பட்டையில் அன்று. திடீரென்று பிரேக் பிடித்தால் முழு உடலின் பாரமும் கழுத்தில் இறங்கும். மூச்சுக்குழாயும் கழுத்தெலும்பும் அதைத் தாங்கா. கடைகளில் ஹார்னஸ் என்று கேட்டால் கிடைக்கும் மார்புப் பட்டைதான் வேண்டும். அதிலும் நடைபயிற்சிக்கு விற்கும் மெல்லிய வகை பயன்படாது. மார்பெலும்பின்மேல் அகலமான பட்டை படிந்து, முதுகுப்பக்க வளையம் உலோகத்தால் ஆனதாகவும், தையல் பல வரிசையாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கொக்கியை மட்டும் நம்பியிருப்பதை வாங்காதீர்கள். 2013இல் அமெரிக்காவில் இத்தகைய பட்டைகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது பெரும்பாலானவை நாயைச் சரியாகத் தாங்கிப் பிடிக்கவில்லை என்பதால், பெட்டியின்மேல் எழுதியிருக்கும் வார்த்தையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள். அந்த வளையத்தைக் குட்டையான பட்டையால் சீட் பெல்ட்டின் கொக்கியில் இணைக்க வேண்டும். நாய் உட்காரவும் படுக்கவும் திரும்பவும் முடிய வேண்டும். இருக்கையை விட்டுக் கீழே விழவோ இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே வரவோ முடியக் கூடாது. அதுதான் பட்டையின் நீளம்.

சிறிய நாய் வைத்திருப்பவர்கள் இருக்கைக்குப் பின்னால் இறுகப் பொருத்திய கூண்டைப் பயன்படுத்தலாம். உங்கள் நாயின் நீளக் கால்களுக்குச் சிறிய காரில் அது வசதிப்படாது. மூடிய டிக்கியில் நாயை ஏற்றுவது குற்றத்துக்கு ஒப்பான செயல் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும், நம் பகுதியில் அன்றாடம் காணும் ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. மீன் பெட்டி ஏற்றும் லோடு ஆட்டோவிலும் குட்டி யானையிலும் நாயைப் பின்னால் ஏற்றி, கழுத்தில் கயிறு போட்டுக் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். கயிறு நீளமாக இருந்தால் நாய் பக்கவாட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதித்து வெளியே தொங்கிவிடும்; ஓட்டுநருக்கு அது தெரிவதே இல்லை. அப்படிக் கொண்டுவரப்பட்ட இரண்டு நாய்களில் ஒன்றைத்தான் என்னால் பிழைக்க வைக்க முடிந்தது. இப்படிப்பட்ட வண்டி தவிர வேறு வழி இல்லாதவர்கள், மார்புப் பட்டை போட்டு, ஓட்டுநர் அறையின் பின்சுவரையொட்டி நடுவில், தடுப்பை எட்டாத நீளத்தில் கட்டட்டும். விலங்குக்குத் தேவையற்ற வலியோ துன்பமோ உண்டாகும்படி வண்டியில் ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஓட்டுபவருக்கு இடையூறாக எவரையும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 125ஆம் பிரிவில் சொல்கிறது; ஓட்டுநரின் மடியில் உட்கார்ந்து வரும் நாய்க்கு அது பொருந்தும்.

இவ்வளவும் ஓடும் வண்டியைப் பற்றியது. ஆனால் இந்தக் கரையில் நான் அதிகம் அஞ்சுவது நிற்கும் வண்டியைத்தான். ராமேசுவரத்துக்கு வருகிற குடும்பம் நாயைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. 22 தீர்த்தங்களிலும் நீராடி, துணி மாற்றி, சன்னிதிக்குச் சென்று திரும்ப ஒன்றரை மணி நேரம் எளிதாக ஆகிவிடும். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம், தண்ணீரும் வைத்திருக்கிறோம்" என்று நம்பி நாயை வண்டிக்குள்ளேயே விட்டுச் செல்கிறார்கள். வெளியே 35 பாகை வெயில் இருந்தால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 45ஐ எட்டும். அரை மணி நேரத்தில் 50ஐத் தாண்டும். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைப்பதால் இந்தக் கணக்கு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஓடும் வண்டியில் நான் பரிந்துரைக்கும் நான்கு விரற்கடை இடைவெளிகூட நிற்கும் வண்டியில் நாயைக் காக்காது, ஏனென்றால் அங்கே காற்றைத் தள்ளும் வேகம் இல்லை.

இதில் நம் கடற்கரைக்கென்று தனியான ஒரு கொடுமை உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் எளிதில் ஆவியாகாது. நாம் "புழுக்கம்" என்று சொல்லிச் சட்டைப் பொத்தானைக் கழற்றும் நாட்களில், நாய் எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவு. அதனால் மதுரைப் பக்கம் 38 பாகையில் தாங்குகிற நாய், கடலோரத்தில் 34 பாகையிலேயே துவண்டுவிடலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் கொடியது. ஏசியை ஓடவிட்டுச் செல்வதும் தீர்வாகாது. எஞ்சின் நின்றுபோனால் சொல்ல நாய்க்கு வாயில்லை.

ஆகவே என் விதி எளிமையானது: நாய் வருகிற நாளில் கோயில் இல்லை, கோயிலுக்குப் போகிற நாளில் நாய் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் நாயோடு நிழலில் இருக்க, மற்றவர்கள் முறைவைத்துப் போய்வர வேண்டும். பேக்கரும்பிலுள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்கும் இதே முறைதான்.

வெப்பம் தாக்கியதை எப்படி அறிவது என்றால், இரைப்பு நிற்காமல் விரைவாகும், எச்சில் பசை போலத் திரண்டு ஒழுகும், ஈறும் நாக்கும் செங்கல் நிறமாகும், நடை தள்ளாடும், வாந்தியும் கழிச்சலும் வரலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை, 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் சேதமடையத் தொடங்கும். அந்த நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், அதன்பின்தான் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற தண்ணீரை, அது குடிநீர்ப் பாட்டிலோ கடல்நீரோ எதுவானாலும், உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூடிவிட வேண்டாம். சற்று நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஏசியை முழுவதும் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். நாய் எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகத்தில் ஏற்பட்ட பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். தனுஷ்கோடியிலிருந்து ராமநாதபுரம் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். விடியற்காலையில் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்தே சோறு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். உங்கள் நாய்க்கு வாந்தி வருவதாக நீங்கள் எழுதவில்லை. குட்டி நாய்களுக்குத்தான் அது அதிகம். பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையை நீங்களாகவே கொடுக்காமல் இருந்தால் போதும்.

1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் மேல், கடலையும் 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தையும் பார்ப்பதற்காக வண்டிகள் எதிர்பாராமல் நின்றுவிடும். முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்துவார், நீங்களும் பிரேக் மிதிக்க வேண்டிவரும். மார்புப் பட்டை தன் பயனைக் காட்டும் இடம் அதுதான். அந்தப் பாலத்தில் நீங்கள் இறங்குவதாக இருந்தாலும் நாயை இறக்காதீர்கள்; காற்றும் ஹாரன் சத்தமும் சேர்ந்து மிரட்டினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாலத்தில் அது ஓடி ஒளிய ஓர் இடமும் கிடையாது.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை இப்போது தார்ச்சாலை போகிறது. ஆனால் நிழல் இல்லை. இறங்குமுன் புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் தண்ணீரும் கிண்ணமும் எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் தாகம் எடுத்த நாய் கடல்நீரைக் குடித்துவிட்டு வழியெல்லாம் கழியும். கரையில் மீனவர்கள் வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீன் கிடந்தால் அதன் அருகே விடாதீர்கள். காய்ந்த பின்னும் அதன் நஞ்சு போவதில்லை. விளையாடுவதற்கு என்றால், தனுஷ்கோடியைவிட உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அரியமான் கடற்கரையே நல்லது என்பது என் எண்ணம்: பயணம் குறைவு, அலை குறைவு, சவுக்கு மர நிழலும் உண்டு.

மார்புப் பட்டையை முதல் நாளே போட்டு நாற்பது கிலோமீட்டர் அழைத்துச் செல்ல வேண்டாம். நான்கைந்து நாள் வீட்டில் போட்டுப் பழக்குங்கள். பிறகு நிற்கும் காரில் கட்டி உட்காரவைத்து ஏதாவது தின்னக் கொடுங்கள். பிறகு தெருமுனைவரை ஒரு சுற்று. இதுவரை தலை நீட்டிப் பழகியது முதல் இரண்டு பயணங்களில் முனகத்தான் செய்யும். ஜன்னல் இடைவெளியில் மண்டபத்துக் கருவாட்டு மணம் வரத் தொடங்கியதும் அது மூக்கைத் தூக்கி அமைதியாவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் மகனுக்கு மடியில் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக வேறொரு பொறுப்பைக் கொடுங்கள். அவனும் பின் இருக்கையில் பெல்ட் போட்டு நாயின் பக்கத்தில் உட்காரட்டும். நாய்கள் காரில் தொலைந்துபோவது பெரும்பாலும் கதவு திறக்கும் கணத்தில்தான். ஆகையால் வண்டி முழுவதும் நின்றபின், நடைக்கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டி, அதன் முனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றாமல் பிடிவளையத்தில் பிடித்துக்கொண்டு, "பிடித்துவிட்டேன் அப்பா" என்று அவன் சொன்ன பிறகே உங்கள் கணவர் வெளியிலிருந்து கதவைத் திறந்து, கயிற்றைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, சீட் பெல்ட் கொக்கியை விடுவிக்க வேண்டும்.